கேட்பதற்கும் காரணம் வேண்டும்: குடிவரவுப் படிவங்களும் அரசின் விளக்கக் கடமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் புகலிடம் கோருவோர் நிரப்ப வேண்டிய ஐ-589 என்னும் படிவத்தின் முதல் பக்கத்தில், வலப்புற மேல் மூலையில், 1615-0067 என்ற எண் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதை அடுத்து, அந்த எண் எந்த நாள்வரை செல்லும் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். பன்னிரண்டு பக்கங்களில் தம் வாழ்க்கை முழுவதையும் எழுதி முடிக்க வேண்டிய விண்ணப்பதாரர் எவரும் அந்த எண்ணைக் கவனிப்பதில்லை. அவருக்கு உதவும் வழக்கறிஞரும் படிவம் பழைய பதிப்பா புதிய பதிப்பா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆயினும் அரசு இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குப் பெற்ற அனுமதியின் அடையாளம் அந்த எண்ணே ஆகும். குடிமக்களும் அயல்நாட்டாரும் அரசிடம் அனுமதி கேட்டு விண்ணப்பிப்பது எங்கும் காணும் வழக்கம். அரசின் ஒரு துறை, கேள்வி கேட்பதற்கே மற்றொரு துறையிடம் காரணம் காட்டி அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு அவ்வளவு பரவலாக அறியப்பட்டதன்று. அந்தக் காரணம் காட்டும் ஆவணம் எவ்வாறு எழுதப்படுகிறது, குடிவரவு வழக்குகளில் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1942ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கூட்டாட்சி அறிக்கைகள் சட்டத்தில் இருக்கிறது. போர்க்காலத்தில் ஒவ்வொரு துறையும் தனித்தனியே தொழில் நிறுவனங்களிடம் விவரப் பட்டியல் கேட்டு நெருக்கிய நிலையில், அவற்றை ஓர் அலுவலகம் மேற்பார்வையிட வேண்டும் என்ற எண்ணத்தில் அச்சட்டம் பிறந்தது. அது போதிய பயன் தரவில்லை என்பதால் 1970களின் நடுப்பகுதியில் காகிதப்பணி குறித்து ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரைகளின் தொடர்ச்சியாகக் காகிதப்பணிக் குறைப்புச் சட்டம் உருவாகி, 1980 டிசம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரின் கையெழுத்தைப் பெற்றது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் கையெழுத்திட்ட மற்றொரு சட்டம், அகதிகளுக்கும் புகலிடம் கோருவோருக்கும் இன்றுவரை அடித்தளமாக இருக்கும் 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டம். மக்களைக் கேள்விகளால் வருத்தாதே என்று அரசுக்குக் கட்டளையிட்ட சட்டமும், மிகக் கடினமான கேள்விகளைக் கேட்டே தீர வேண்டிய ஒரு நடைமுறையைத் தோற்றுவித்த சட்டமும் ஒன்பது மாத இடைவெளியில் ஒரே பேனாவிலிருந்து வந்தன என்பது தற்செயல்தான். ஆனால் இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறி தற்செயலானதன்று.

1995இல் திருத்தி எழுதப்பட்ட காகிதப்பணிக் குறைப்புச் சட்டத்தின்படி, பத்துப் பேரிடமோ அதற்கு மேற்பட்டோரிடமோ ஒரே விதமான கேள்விகளைக் கேட்கும் எந்தக் கூட்டாட்சித் துறையும், முதலில் ஃபெடரல் ரெஜிஸ்டர் எனப்படும் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு 60 நாள் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். பின்னர் வெள்ளை மாளிகையின் மேலாண்மை மற்றும் வரவு செலவுத் திட்ட அலுவலகத்துக்குக் கோப்பை அனுப்பி, மேலும் 30 நாள் கருத்துக்கு இடம் தர வேண்டும். அந்த அலுவலகத்துக்குள் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்ட தகவல் மற்றும் ஒழுங்குமுறை விவகாரப் பிரிவு கோப்பை ஆய்ந்து, ஏற்றுக்கொண்டால், அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு அனுமதி தந்து ஓர் எண்ணை ஒதுக்கும். செல்லுபடியாகும் எண் இல்லாத படிவத்தை நிரப்பாமைக்காக எவருக்கும் தண்டனை விதிக்கலாகாது என்கிறது சட்டம்; தண்டனை என்ற சொல்லுக்கு அபராதம் மட்டுமின்றி ஓர் உரிமையையோ சலுகையையோ மறுப்பதும் பொருள் என்று அது விரித்துரைக்கிறது.

கோப்பின் உயிர்நாடி, ஆதார விளக்க அறிக்கை என்று தமிழில் சொல்லத்தக்க ஓர் ஆவணம். அதில் துறை 18 கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். இத்தகவல் ஏன் தேவை, எந்தச் சட்டம் இதைக் கேட்கச் சொல்கிறது, யார் இதை எதற்குப் பயன்படுத்துவார்கள், வேறெங்கும் இதே தகவல் கிடைக்காதா, கேட்காவிட்டால் என்ன கெட்டுப்போகும், அந்தரங்கமான கேள்விகள் இருந்தால் அவற்றுக்கு என்ன நியாயம், நிரப்புவோருக்கு எத்தனை மணி நேரம் செலவாகும், அரசுக்கு எவ்வளவு செலவு என்று அவை செல்கின்றன. விசா நேர்காணலிலும் புகலிட விசாரணையிலும் அதிகாரி கேட்க மனுதாரர் விடை சொல்வது வழக்கம். இங்கே அதிகாரி விடை சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறார். இந்த இடமாற்றம் சிறிதன்று.

இதில் ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. குறிப்பிட்ட நபர் ஒருவருக்கு எதிராக அரசு நடத்தும் வழக்கிலோ விசாரணையிலோ கேட்கப்படும் கேள்விகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதிலேயே விதிவிலக்கு இருக்கிறது. ஒவ்வொரு நாடுகடத்தல் வழக்கும் குறிப்பிட்ட நபர் மீதான வழக்குத்தானே என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் அச்சிட்ட ஒரே படிவம் ஆயிரக்கணக்கானோருக்குச் செல்லும்போது அது தனிநபர் விசாரணை என்ற நிலையைக் கடந்துவிடுகிறது. ஆகையால்தான் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழுள்ள குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவைகள் முகமை மட்டுமன்றி, குடிவரவு நீதிமன்றங்களை நடத்தும் நீதித்துறை அமைச்சகத்தின் அலுவலகமும் தன் மேல்முறையீட்டுப் படிவத்துக்கும் வழக்கறிஞர் வருகைப் படிவத்துக்கும் இந்த அனுமதியைப் பெற்று வருகிறது.

படிவமே தேவையா என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்வது முறை. தேவை. படிவம் இல்லாத இடத்தில் அதிகாரியின் மனப்போக்கே கேள்வித்தாளாகிவிடும். ஒருவரிடம் மதம் பற்றியும் மற்றொருவரிடம் உறவினர் பற்றியும் கேட்டும், மூன்றாமவரிடம் எதுவும் கேட்காமலும் முடிவெடுக்க அவரால் இயலும். மாறாக, எல்லாரிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டு விடைகள் தாளில் பதிவானால், தவறான தீர்ப்பை மேல்முறையீட்டில் சுட்டிக்காட்ட ஓர் ஆதாரம் கிடைக்கிறது. ஐ-589 படிவத்தின் மையப் பகுதி இவ்வகையில் பழுதற்றது என்றே சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 1967ஆம் ஆண்டு நெறிமுறையில் அமெரிக்கா 1968இல் சேர்ந்தது; இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவின் உறுப்பாண்மை என்ற ஐந்து காரணங்களுள் ஒன்றால் துன்புறுத்தலுக்கு அஞ்சுவோரே அகதி என்ற வரையறை 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வந்தது. படிவம் அந்த ஐந்தையும் கட்டங்களாக வைத்து, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை ஆறாவதாகச் சேர்த்து, என்ன நடந்தது, எப்போது, யார் செய்தார், ஏன் செய்தார் என்று நீங்கள் கருதுகிறீர்கள் என்று கேட்கிறது. எந்தக் கேள்விக்கு எந்தச் சட்டப்பிரிவு அடிப்படை என்று விரல்விட்டுக் காட்டக்கூடிய படிவங்கள் அதிகம் இல்லை; இது அவற்றுள் ஒன்று.

ஆனால் சட்ட அடிப்படை தெளிவாக இருப்பதும், கேள்விக்கு விடை சொல்ல இயலுவதும் வேறுவேறு. நான்காவது கேள்வியான அந்த ‘ஏன்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். 2017 பிப்ரவரியில் மெக்சிகோ எல்லையைக் கடந்து 25 கெஜம் வந்ததும் பிடிபட்ட இலங்கைத் தமிழ் விவசாயி ஒருவரின் வழக்கு 2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அவர் ஐ-589 நிரப்பும் நிலைக்கே வரவில்லை. அதற்கு முந்திய கட்டமான அச்சம் குறித்த முதல்நிலை நேர்காணலிலேயே அவருடைய கதை நின்றுபோயிற்று. தம்மைச் சிலர் பிடித்துச் சென்று அடித்ததாக அவர் சொன்னதை அதிகாரி நம்பினார். ஆனால் அடித்தவர்கள் யார், ஏன் அடித்தார்கள் என்பது தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னதால், ஐந்து காரணங்களுள் ஒன்றோடும் அதைப் பொருத்த முடியவில்லை. வாகனத்தில் வந்து ஆளைத் தூக்கிச் செல்வோர் தம் பெயரையும் நோக்கத்தையும் சொல்லிவிட்டுச் செல்வதில்லை என்பது இலங்கையின் அண்மை வரலாற்றை அறிந்த எவருக்கும் தெரியும். காரணம் தெரியாமல் இருப்பதே அவ்வகைக் கடத்தலின் தன்மை. விண்ணப்பதாரருக்குத் தம்மைத் துன்புறுத்தியவரின் உள்ளம் தெரியும் என்ற அனுமானத்தில் கட்டம் வரையப்பட்டிருக்கிறது. அந்த அனுமானத்தை ஆதார விளக்க அறிக்கை எங்கும் ஆராய்வதில்லை, அதன் 18 கேள்விகளுள் எதுவும் ஆராயச் சொல்வதுமில்லை. அந்த வழக்கில் முதல்நிலை மறுப்பை நீதிமன்றத்தில் எதிர்க்கும் உரிமை அவருக்கு இல்லை என்றே பெரும்பான்மைத் தீர்ப்பு அமைந்தது.

ஐ-589இல் இலங்கைத் தமிழர்களைத் தனியே தொடும் மற்றொரு கேள்வியும் இருக்கிறது. விண்ணப்பதாரரோ குடும்பத்தாரோ அரசியல் கட்சி, மாணவர் சங்கம், தொழிற்சங்கம், ஆயுதக் குழு போன்ற எந்த அமைப்பிலாவது இருந்ததுண்டா, தொடர்பு வைத்திருந்ததுண்டா என்பது அது. அரசியல் கருத்துக்காகத் துன்புறுத்தப்பட்டவர் தம் கோரிக்கையை நிறுவ இந்தக் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும். அதே கட்டம், பயங்கரவாத அமைப்புக்குப் பொருளுதவி செய்தவர் புகலிடத்துக்குத் தகுதியற்றவர் என்ற விதியைச் செயல்படுத்தவும் பயன்படுகிறது. விடுதலைப் புலிகள் இயக்கத்தை அமெரிக்க அரசு 1997 அக்டோபரில் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. 2001ஆம் ஆண்டுத் தேசப்பற்றுச் சட்டமும் 2005ஆம் ஆண்டு ரியல் ஐடி சட்டமும் பொருளுதவி என்பதன் வரம்பை விரித்தன. வன்னியில் கட்டாய வரி கட்டியவரும், வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டவரும் இந்தக் கேள்விக்கு உண்மை சொன்னால் என்ன ஆகும் என்பது அவர்களுடைய வழக்கறிஞர்களுக்குப் பல ஆண்டுகள் தலைவலியாக இருந்தது. ஒரு கேள்வி ஒரே சமயத்தில் மனுதாரருக்கு ஆதாரமாகவும் அவருக்கு எதிரான குற்றச்சாட்டாகவும் பயன்படுமானால், ‘இத்தகவல் எதற்குப் பயன்படும்’ என்ற இரண்டாம் வினாவுக்கு விடை எழுதும் துறை இரண்டையும் வெளிப்படையாக எழுத வேண்டும். தகுதியை முடிவுசெய்ய என்ற ஒற்றைத் தொடரில் இரண்டும் அடங்கிவிடுகின்றன. சட்டப்படி அது பொய்யன்று, ஆனால் போதுமான விளக்கமுமன்று.

அடுத்து, நேரக் கணக்கு. ஐ-589 படிவத்தை நிரப்பச் சராசரியாக 12 மணி நேரம் ஆகும் என்று அதன் வழிமுறைக் கையேடு நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. விண்ணப்பதாரர் எண்ணிக்கையை இந்த மணிக்கணக்கால் பெருக்கி, அதையும் ஒரு சராசரி ஊதியத்தால் பெருக்கி, ஆண்டுக்கு இத்தனை டாலர் சுமை என்று அறிக்கையில் ஒரு தொகை எழுதப்படும். கூட்டாட்சி அரசின் படிவங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் மக்கள் ஆண்டுதோறும் செலவிடும் நேரம் ஏறத்தாழ 1,000 கோடி மணி என்று மேலாண்மை மற்றும் வரவு செலவுத் திட்ட அலுவலகமே கணக்கிட்டிருக்கிறது. அதில் பெரும்பங்கு வருமான வரிப் படிவங்களுடையது. வரிப் படிவத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தும். சம்பளச் சீட்டும் வங்கி அறிக்கையும் கையிலிருந்தால் மீதி கணக்குப் போடும் வேலைதான். புகலிட விண்ணப்பத்தில் அப்படியில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் வசித்த ஒவ்வொரு முகவரியும், எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை என்ற விவரத்தோடு, ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டும். இணைக்கும் சான்றுகள் வேறு மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு ஆங்கில வடிவம் வேண்டும். முகாமிலிருந்து முகாமுக்கும் நாட்டிலிருந்து நாட்டுக்கும் அலைந்தவருக்கு முகவரி என்பதே ஊகம். அரசு செலவில் வழக்கறிஞர் கிடையாது என்பதைக் குடிவரவுச் சட்டம் தெளிவாகவே சொல்லிவிட்டது. இத்தனைக்கும் மேலே, நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பம் சேர வேண்டும் என்ற 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடு இருக்கிறது.

12 மணி நேரம் என்பது குறைவான மதிப்பீடு என்று வாதிடுவது இங்கு நோக்கமன்று. மணியை அளவுகோலாகக் கொண்டதே பிழை என்பதுதான் சொல்ல வேண்டியது. 2005ஆம் ஆண்டு ரியல் ஐடி சட்டத்துக்குப் பிறகு, விண்ணப்பதாரரின் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே காணும் எந்த முரண்பாட்டையும், அது கோரிக்கையின் மையத்தைத் தொடாவிட்டாலும், அவருடைய நம்பகத்தன்மைக்கு எதிராகக் கொள்ள நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. படிவத்தில் ஜூன் என்று எழுதி, இரண்டு ஆண்டு கழித்து விசாரணையில் ஜூலை என்று சொன்னவர் பொய்யராகக் கருதப்பட இடமிருக்கிறது. தெரிந்தே பொய்யான விண்ணப்பம் தந்ததாக முடிவானால் குடிவரவுச் சலுகைகள் நிரந்தரமாக மறுக்கப்படும் என்ற எச்சரிக்கையும் கையெழுத்துப் பகுதியிலேயே உள்ளது. ஆக, ஒவ்வொரு கட்டமும் சத்தியப் பிரமாண வாக்குமூலத்தின் ஒரு வரி. அதன் சுமை எழுதும் நேரத்தில் இல்லை, எழுதியது பின்னர் எவ்வாறு வாசிக்கப்படும் என்பதில் இருக்கிறது. சட்டம் தரும் சுமை என்ற சொல்லின் வரையறை நேரத்தோடு முயற்சியையும் பொருட்செலவையும் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு விரிவானது; அறிக்கை எழுதுவோர்தாம் அதைக் கடிகாரமாகச் சுருக்கிவிட்டனர்.

இதை ஐயமின்றிக் காட்டிய நிகழ்வு 2019இன் இறுதியில் தொடங்கியது. படிவத்தில் எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக்கூடாது, இருந்தால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும் என்று குடிவரவுச் சேவைகள் முகமை, கருத்துக் கேட்பு எதுவுமின்றி, தன் இணையதளத்தில் அறிவித்தது. முதலில் புகலிட விண்ணப்பத்துக்கும், பின்னர் குற்றங்களுக்கு இரையாகிக் காவல்துறைக்கு உதவியவர்களுக்கான யூ விசா விண்ணப்பத்துக்கும் இது பொருந்தியது. நடுப்பெயர் இல்லாதவர் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. உடன்பிறந்தோருக்கு நான்கு வரிகள் உள்ள இடத்தில் மூவரை எழுதி நான்காம் வரியை விட்டவருடையதும் திரும்பியது. வேலை விவரத்தை விட்டுவிட்ட எட்டு வயதுக் குழந்தையின் விண்ணப்பமும் அவ்வாறே. குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாமல் தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் தமிழருக்கு, பெயர்க் கட்டங்கள் வெறுமையாக நிற்பதன் சங்கடம் புதிதன்று. கடவுச்சீட்டில் பெயர் ஒரே கட்டத்தில் விழுந்துவிட்டதால், முதற்பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் எஃப்என்யூ என்ற மூன்றெழுத்தையே முதற்பெயராகத் தாங்கிச் சமூகப் பாதுகாப்பு அட்டையும் ஓட்டுநர் உரிமமும் பெற்ற தென்னிந்தியர் அமெரிக்காவில் பலர்.

திருப்பி அனுப்புவதன் விளைவு தபால் செலவோடு முடியவில்லை. ஓராண்டுக் கெடுவின் விளிம்பில் அனுப்பியவருக்குக் கெடு கடந்தது. யூ விசா கோரியவர் இணைக்க வேண்டிய காவல்துறைச் சான்று கையெழுத்தான ஆறு மாதத்துக்குள் சேர வேண்டியது; விண்ணப்பம் போய் வருவதற்குள் அதுவும் காலாவதியாகக்கூடும். எல்லாக் கேள்விக்கும் விடை இல்லாத விண்ணப்பம் முழுமையற்றது என்று விதிநூலில் உள்ள வரியைத் துறை துணைக்கழைத்தது உண்மைதான். ஆனால் பல ஆண்டுகளாக அந்த வரியை அறிவோடு வாசித்து வந்த அதே துறை, ஒரு நாள் காலையில் அதை எழுத்துக்கு எழுத்து வாசிக்கத் தொடங்கியது. பொருந்தாது என்று எல்லாக் கட்டத்திலும் எழுத வைப்பதால் எந்த அதிகாரிக்கு எந்தத் தகவல் கூடுதலாகக் கிடைத்தது? 2020 நவம்பரில் கலிபோர்னியாவில் வழக்கு தொடரப்பட்டது. அந்த டிசம்பர் 28ஆம் நாளோடு முகமை இந்த நடைமுறையைக் கைவிட்டது. 2021இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, திருப்பி அனுப்பப்பட்டோர் தம் பழைய தேதியை மீட்டுக்கொள்ள வழி செய்யப்பட்டது. அனுமதி பெறும்போது ஆதார அறிக்கையில் விவரிக்கப்பட்ட படிவம் ஒன்று, மக்கள் கைக்கு வந்தபோது இருந்த படிவம் வேறொன்று. காகிதம் மாறவில்லை, அதை வாங்கும் முறை மாறியது. அனுமதி எண் இந்த மாற்றத்தைத் தடுக்கவில்லை.

ஒரே தகவல் இருமுறை கேட்கப்படுகிறதா என்ற நான்காம் வினாவுக்குப் பெரும்பாலான அறிக்கைகள், இதே தகவல் வேறெங்கும் கிடைப்பதில்லை என்ற பொருள்பட ஒரு வாக்கியத்தில் விடை தந்து நகர்ந்துவிடுகின்றன. முகவரி மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதும். வீடு மாறிய அயல்நாட்டவர் 10 நாளுக்குள் ஏஆர்-11 என்ற படிவத்தில் குடிவரவு முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் மீது நாடுகடத்தல் வழக்கு இருந்தால் 5 நாளுக்குள் இஓஐஆர்-33 என்ற வேறொரு படிவத்தில் நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். முன்னது ஓர் அமைச்சகத்துக்கு, பின்னது மற்றோர் அமைச்சகத்துக்கு. முதலாவதை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தவருக்கு, விசாரணை நாள் அறிவிப்பு பழைய வீட்டுக்குப் போகும். அவர் வராத நிலையிலேயே வெளியேற்ற உத்தரவு பிறக்கும். இரண்டு துறைகளும் தத்தம் அறிக்கையில் இரட்டிப்பு இல்லை என்று எழுதினால், தத்தம் சுவருக்குள் அது உண்மையாகவும் இருக்கலாம். முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கும் நீதிமன்றங்களில் இந்தச் சுவரின் விலையை யார் தருகிறார் என்பது அறிக்கையில் வராது.

இவ்வளவு குறைகளுக்குப் பின்னும் இந்த விளக்கக் கடமைக்கு உண்மையான பல் உண்டு என்பதை மெய்ப்பித்த நிகழ்வு ஒன்று இருக்கிறது. இப்பொருளில் அதைவிட முக்கியமானது வேறில்லை. சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் குடிவரவு விண்ணப்பதாரர்களிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் 2015க்குப் பின் வலுப்பெற்றது. விசா விலக்கு நாடுகளிலிருந்து வருவோரிடம் 2016 டிசம்பரில் விருப்பக் கேள்வியாக அது சேர்க்கப்பட்டது. 2017இல் டிஎஸ்-5535 என்ற துணைப் படிவம் அவசர அனுமதியில் வந்தது. 15 ஆண்டுப் பயணங்கள், வேலைகள், முகவரிகளோடு ஐந்தாண்டுச் சமூக ஊடகப் பெயர்களையும் கேட்ட அதை நிரப்ப ஆகும் நேரம் ஒரு மணி என்று வெளியுறவுத் துறை எழுதியது. பதினைந்து ஆண்டுப் பயணத்தை ஒரு மணி நேரத்தில் நினைவுகூரக்கூடியவர் அதிகம் பயணம் செய்யாதவராகத்தான் இருக்க வேண்டும். 2019 மே இறுதியில் வழக்கமான விசாப் படிவங்களிலேயே இக்கேள்வி கட்டாயமாயிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேரைத் தொடும் மாற்றம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, புகலிடம், நிரந்தர வதிவிடம், குடியுரிமை ஆகியவற்றுக்கான படிவங்களிலும் இதைச் சேர்க்க முன்மொழிந்தது.

காகிதப்பணிக் குறைப்புச் சட்டத்தில் நடைமுறைப் பயன் என்ற ஒரு தொடர் உண்டு. கேட்கும் தகவலைத் துறை உண்மையிலேயே, உரிய காலத்தில், பயனுள்ள வகையில் கையாளும் ஆற்றல் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அறிய ஆவலாக இருக்கிறது, பின்னர் பயன்படக்கூடும் என்பதெல்லாம் அதில் அடங்கா. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளரே, சமூக ஊடக ஆய்வுக்கான முன்னோட்டத் திட்டங்களில் வெற்றியை அளக்கும் அளவுகோல் எதுவும் இல்லை என்று 2017 பிப்ரவரியில் அறிக்கை தந்திருந்தார். 2021 ஏப்ரலில் தகவல் மற்றும் ஒழுங்குமுறை விவகாரப் பிரிவு அந்த முன்மொழிவைத் திருப்பி அனுப்பியது. நடைமுறைப் பயனைத் துறை போதிய அளவு நிறுவவில்லை என்பது அதன் முடிவு. கேள்வி தீயது என்றோ உரிமை மீறல் என்றோ அது சொல்லவில்லை. பயனைக் காட்டுங்கள் என்று கேட்டது, காட்ட இயலவில்லை. அரசு மாறிய சூழலும் இந்த முடிவுக்குத் துணைநின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் முடிவைத் தாங்கிய வாதம் அரசியல் வாதமன்று, ஆவண வாதம். காட்டும் காரணம் உண்மைக் காரணமாக இருக்க வேண்டும் என்பதை, 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியுரிமைக் கேள்வியைச் சேர்க்க முயன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் வேறொரு வழியில் சொல்லியிருந்தது. வணிகத் துறை சொன்ன காரணம் புனையப்பட்டது என்று கண்டு அந்தக் கேள்விக்கு அது இடம் தரவில்லை.

2025 மார்ச்சில் குடிவரவுச் சேவைகள் முகமை இதே சமூக ஊடகக் கேள்வியைத் தன் படிவங்களில் சேர்க்க மீண்டும் 60 நாள் அறிவிப்பு வெளியிட்டது. இம்முறை தொடப்படுவோர் 35 லட்சத்துக்கு மேல் என்பது அதன் சொந்த மதிப்பீடு. பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல் எந்தக் கேள்விக்கும் நியாயமாகிவிடாது. 2021இல் நிறுவப்படாத பயன் இம்முறை எந்தச் சான்றால் நிறுவப்படுகிறது என்பதே கேட்கப்பட வேண்டியது. எழுதுபவர் தம் சொல்லைத் தாமே தணிக்கை செய்துகொள்ளும் நிலை, தாய்நாட்டு அரசை விமர்சித்துப் புனைபெயரில் எழுதிய ஒருவர் அந்தப் புனைபெயரைப் படிவத்தில் எழுதித் தர வேண்டிய நிலை ஆகியவை ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்ற நேரக் கணக்கில் பதிவாகமாட்டா.

விளக்க அறிக்கையைக் கேட்பவரே எழுதுகிறார் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் புதுப்பிப்பில் பழைய வாக்கியங்களே தேதி மாற்றி வருவது வழக்கமாகிவிட்டது. கருத்துச் சொல்வோருள் வழக்கறிஞர் சங்கங்களும் உரிமை அமைப்புகளுமே முன்னிற்கின்றன. படிவத்தை நிரப்பியவர், ஆங்கிலத்தில் அமைந்த அந்த அறிவிப்பைப் பார்த்திருக்கவே வாய்ப்புக் குறைவு. இவற்றுக்குப் பரிகாரம் படிவத்தை ஒழிப்பதன்று. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, கடந்த மூன்றாண்டில் அந்த விடை எத்தனை முடிவுகளை மாற்றியது, எத்தனை பேருக்கு எதிராகப் பயன்பட்டது என்ற கணக்கைத் துறை தர வேண்டும் என்று பத்தொன்பதாவது வினா ஒன்றைச் சேர்ப்பதே பொருத்தம். பயன் காட்டாத கேள்வி அடுத்த அச்சில் இருக்கக்கூடாது.

சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தற்காலிக விசா கோரும் ஒவ்வொருவரும் நிரப்பும் டிஎஸ்-160 படிவத்துக்கும் 1405-0182 என்ற எண் இருக்கிறது. அதற்குரிய விளக்க அறிக்கையும் அமெரிக்க அரசின் இணையதளத்தில் எவரும் இலவசமாகப் படிக்கும்படி கிடக்கிறது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் இப்படிவங்களை நிரப்புவோரும், நிரப்பித் தருவோரும், அவற்றைப் பற்றி ஆராயும் மாணவரும் அடுத்த புதுப்பிப்பு அறிவிப்பு வரும்போது அதைப் படித்துத் தம் பட்டறிவை எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கருத்தைத் தெரிவிக்க அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை.